வாசலைக் காட்டாத கோட்டைப் பயணம்: ஒன்பது நாள் மராத்தியச் சுற்றுலா, ஒரு மதிப்பீடு

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதன்பின் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரப் பயண முகவர்களிடம் கோயில் சுற்றுலாவுக்குப் பக்கத்திலேயே கோட்டைச் சுற்றுலாவும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இங்கே எடைபோடுவது அப்படிப்பட்ட ஒரு ஒன்பது நாள் பயணத்தை. நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. ஏறக்குறைய இதே நிரலைத்தான் மற்றவர்களும் விற்கிறார்கள், குறைகளும் பொதுவானவை. விமான டிக்கெட்டைப் பொறுத்து விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதையும் விட்டுவிடுகிறோம்.

மும்பையில் இறங்கி, கொங்கண் கரையோரமாகத் தெற்கே போய், நடுவில் மலையேறி, மறுபடி கடலுக்கு வந்து கோவாவில் முடிகிறது பயணம். கொலாபா, ஜஞ்சிரா, ராய்கட், பிரதாப்கட், பன்ஹாளா, விஜயதுர்க், சிந்துதுர்க் என ஏழு கோட்டைகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். வண்டி இருபது இருக்கை கொண்டது. இது சிறிய விஷயம் இல்லை. போலாத்பூரிலிருந்து பிரதாப்கட்டுக்கு ஏறும் அம்பேனளி மலைப்பாதையில் பெரிய பேருந்து ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் எதிர்வண்டிக்காக நின்று நின்றுதான் போகும். அதில் போகும் ஒரு மணி நேரம் கோட்டையில் குறையும். சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. மலையடியில் கடலைமாவுப் பிட்லாவும் சுடச்சுட பாக்ரியும், மால்வணில் மீனும் சோல்கடியும், சைவம் கேட்டவர்களுக்குத் தனிப் பந்தியும் உண்டு. வழிகாட்டி தமிழில் பேசுகிறார். மராத்திக் கல்வெட்டை வாசித்துப் பொருளும் சொல்கிறார்.

ஆனால் கோட்டைகளைக் காட்டும் விதத்தில் இந்தப் பயணம் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

சிங்கப்பூரில் கோட்டை என்றால் ஃபோர்ட் கேனிங்கின் பழைய வாயிலும் செந்தோசாவின் ஃபோர்ட் சிலோசோ பீரங்கிகளும்தான் நினைவுக்கு வரும். அவை துறைமுகத்துக்காக எழுந்தவை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதே அவற்றின் அளவுகோல். மராத்தியரின் மலைக்கோட்டைக்கு அளவுகோல் வேறு: முற்றுகை போட்டால் எத்தனை மாதம் தாங்கும்? ஜூனில் பருவமழை இறங்கிவிட்டால் கீழே கூடாரமடித்தவனுக்கு வெடிமருந்து நனையும், மாட்டுவண்டி சேற்றில் புதையும், ஆற்றைக் கடக்க முடியாது. அதுவரை மேலே உள்ளவர்கள் பிடித்து நிற்க வேண்டும். இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோட்டையில் முதலில் பார்க்க வேண்டியவை வாசலும் தண்ணீரும் என்பது தானே விளங்கும். அரண்மனை அடித்தளங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராய்கட்டில்தான் இந்தப் பயணம் பெரிதாகச் சறுக்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரம், அதாவது புக்கித் தீமா மலையைப் போல ஐந்து மடங்கு. 1656இல் சந்திரராவ் மோரேயிடமிருந்து கைப்பற்றிய ராய்ரி மலையை ஹிரோஜி இந்துல்கரைக் கொண்டு தலைநகராகக் கட்டச் செய்தார் சிவாஜி. 1674 ஜூன் 6 அன்று முடிசூடியதும் 1680 ஏப்ரலில் மறைந்ததும் இங்கேதான். பயணக்குழு கேபிள் காரில் ஏறி, சில நிமிடங்களில் அரண்மனைப் பக்கம் இறங்கி, சிம்மாசன மேடை, கடைவீதி, ஜகதீஷ்வர் கோயில், சமாதி என்று பார்த்துவிட்டு அதே கேபிள் காரில் திரும்புகிறது. கோட்டையின் முதன்மை வாசலான மகாதர்வாஜா நிரலிலேயே இல்லை!

மகாதர்வாஜாவைப் பார்க்காமல் ராய்கட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கீழிருந்து படியேறி வருபவருக்குக் கடைசி வளைவு வரை கதவு கண்ணில் படாது. இரண்டு பெருங்கொத்தளங்கள் ஒன்றையொன்று தழுவினாற்போல் வளைந்து நிற்கின்றன. இடையிலுள்ள இடுக்கில் நுழைந்து திரும்பினால்தான் வாசல் தெரியும். பசுவின் முகம்போல் ஒடுங்கி வளைவதால் இதைக் கோமுகி அமைப்பு என்கிறார்கள். கதவை முட்டி உடைக்க யானைக்கு ஓடிவர நேர்ப்பாதை வேண்டும். பீரங்கியால் தகர்க்கக் கதவு தொலைவிலிருந்து நேராகத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் இங்கே வழியில்லை. திரும்பும் இடத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டிவரும். அவர்களின் தலைக்கு மேல் இரு பக்கமும் மதில், அந்த மதிலில் கீழ்நோக்கிச் சரித்து வெட்டிய துப்பாக்கித் துளைகள். கதவையும் கடந்து வந்தவனுக்கு முன்னால் இன்னும் நெட்டுக்குத்தான ஏற்றம் காத்திருக்கும்.

இதைச் சரிசெய்வது எளிது. முழங்கால் தாங்குபவர்கள் காலை ஆறரைக்குச் சித் தர்வாஜா பக்கமிருந்து நடந்து ஏறட்டும், இறங்கும்போது கேபிள் காரைப் பிடிக்கட்டும். பலர் தலைகீழாக யோசித்து, காரில் ஏறி நடந்து இறங்குகிறார்கள். முழங்காலுக்கு இறக்கம்தான் கேடு. அதோடு எதிரியின் கண்ணோடு வாசலைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். முழுப்பாதையில் படிகள் ஏறத்தாழ 1,700. பன்னிரண்டு மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கை எட்டு முதல் பத்து முறை ஏறுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது, அதனால் மூச்சு ஒரு தாளத்தில் அமையாது. முதியவர்கள் காரிலேயே ஏறி, மேலிருந்து மகாதர்வாஜா வரை மட்டும் மெல்ல இறங்கிப் பார்த்துத் திரும்பலாம். வாரயிறுதியில் கேபிள் கார் வரிசை மிக நீளம். வார நாளாக இருப்பது நல்லது.

தண்ணீரை வழிகாட்டி கங்காசாகர் ஏரியில் ஒரு படத்தோடு முடித்துவிடுகிறார். உண்மையில் இந்தக் கோட்டைகளின் பொறியியல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தக்காணத்துப் பசால்ட் கரும்பாறை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. அதனால்தான் சஹ்யாத்திரி மலைகளுக்குத் தட்டையான உச்சியும் சுவர்போல் இறங்கும் பக்கங்களும். இயற்கையே முக்கால் மதிலைக் கட்டிவிட்டது. மனிதன் செய்தது, ஏற முடிகிற இடங்களை மட்டும் அடைத்தது. ஆகவே மதில் எங்கெல்லாம் உயர்ந்து தடித்திருக்கிறதோ அங்கெல்லாம் மலை பலவீனமாயிருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம். கல் வெட்டிய பள்ளங்கள் வீணாவதில்லை, மழைநீர்த் தொட்டிகளாகின்றன. ஆனால் எல்லா அடுக்கும் நீரைத் தாங்காது. வெடிப்புள்ள அடுக்கில் தொட்டி வெட்டினால் மாசிக்குள் வறண்டுவிடும். மழை கொட்டித் தீர்க்கும் மலையிலும் தண்ணீர்ப் பஞ்சம் வருவது இதனால்தான்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராத்திய அமைச்சர் ராமச்சந்திர பந்த் அமாத்யர் எழுதிவைத்த ஆட்சி நெறி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கோட்டை கட்டுமுன் தண்ணீரைப் பார், ஊற்று ஒன்று இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதே, போர்க்காலத்தில் பீரங்கி அதிர்ச்சியில் அது வற்றிப்போகலாம், ஆகவே தனியாகத் தொட்டிகளை வெட்டிச் சேமி என்கிறது. ஒரே வாசல் போதாது, கள்ளவழிகளும் வேண்டும் என்கிறது. கோட்டையைவிட உயர்ந்த குன்று பக்கத்தில் இருக்கலாகாது, இருந்தால் அதையும் அரணாக்கு என்கிறது. ஒவ்வொரு வரியும் பட்டுத் தெரிந்தது. 1665இல் முகலாயத் தளபதி திலீர் கான் சிவாஜியின் புரந்தர் கோட்டையை நேரே மோதி வெல்லவில்லை. ஒட்டியிருந்த வஜ்ரகட்டை முதலில் பிடித்து, அங்கே பீரங்கிகளை ஏற்றிப் புரந்தரை அடித்தார். அதன் முடிவு புரந்தர் உடன்படிக்கை. 23 கோட்டைகளைக் கொடுத்துவிட்டுப் 12ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1818இல் ஆங்கிலேயர் லோகட்டைவிட உயரமான விசாபூரைப் பிடித்ததும் லோகட் சண்டையின்றி விழுந்ததும் இதே கதைதான்.

ஆட்களின் ஏற்பாட்டையும் வழிகாட்டி சொல்வதில்லை. கோட்டையை ஒருவர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் கிடையாது. சாவி ஹவல்தாரிடம், கணக்கும் ஆள்பட்டியலும் சப்னிஸிடம், படைக்காவல் சர்நோபத்திடம். வேண்டுமென்றே வெவ்வேறு சாதியினரை அமர்த்தினார்கள். எதிரியின் பணம் ஒருவரை விலைக்கு வாங்கினாலும் கதவு திறக்கக் கூடாது என்பதே நோக்கம். மலைச்சரிவுக் காட்டைக் காத்தவர்கள் ராமோஷி, மகர், மாங் போன்ற அடிவாரத்து மக்கள். மேலே மாளிகையில் இருந்தவர்களைவிடக் கோட்டையின் உயிர் இவர்கள் கையில்தான் இருந்தது. இவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது பயண நிரலில் வேண்டும்.

பிரதாப்கட்டில் குறை அவ்வளவு இல்லை. 1656இல் மோரோபந்த் பிங்ளே கட்டிய இக்கோட்டையில் மேல்கோட்டை, கீழ்க்கோட்டை இரண்டையும் காட்டுகிறார்கள். பீஜாப்பூர்த் தளபதி அப்சல் கானைச் சிவாஜி சந்தித்துக் கொன்ற 1659 நவம்பர் 10 நிகழ்வை வழிகாட்டி உணர்ச்சியோடு சொல்கிறார். ஆனால் அந்தச் சந்திப்பிலேயே அரைமணி நேரம் போய்விடுகிறது. அப்சல் கானின் படை ஏன் அங்கே வந்தபோதே பாதி தோற்றுவிட்டது என்பதுதான் பாடம். யானை, ஒட்டகம், கனரகப் பீரங்கி எல்லாம் சமவெளிக்கானவை. கோட்டையைச் சூழ்ந்த ஜாவளிக் காட்டில் வழிகள் ஆள்வரிசை செல்லும் அகலம்தான். கொத்தளத்தில் நின்று அந்தப் பள்ளத்தாக்கைக் கைகாட்டி விளக்கினால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

பன்ஹாளாவுக்கு உச்சி வரை சாலை உண்டு. முதியவர்களுக்கு மிக ஏற்றது. அந்தார் பாவடியைத் தவறவிடாதீர்கள். கிணற்றின் மேல் மூன்றடுக்குக் கட்டடத்தையே எழுப்பி, கிணற்றுக்குத் தனிக் காவல் வைத்திருக்கிறார்கள். முற்றுகையில் முதலில் நஞ்சு விழுவது தண்ணீரில்தானே. அம்பர்கானா தானியக் கிடங்குகளின் சுவர்த் தடிப்பையும் வளைவுக் கூரையையும் பார்த்தால், 1660இல் பீஜாப்பூர்த் தளபதி சித்தி ஜௌஹர் மாதக்கணக்கில் சூழ்ந்திருந்தும் ஏன் உள்ளே புக முடியவில்லை என்று தெரியும். இங்கே பயணத்தார் ஒதுக்கிய மூன்று மணி நேரம் சரியான அளவு.

கடல்கோட்டைகளுக்கு வருவோம். அலிபாக்கின் கொலாபா கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடியது. அதற்குக் கடிகாரம் பயன்படாது, கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைதான் வேண்டும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்த நிறுவனமோ எல்லாக் குழுக்களுக்கும் "காலை 10 மணி, கொலாபா" என்று அச்சடித்து வைத்திருக்கிறது. சில தேதிகளில் அந்நேரம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். முன்பதிவுக்கு முன் உங்கள் தேதிக்குரிய ஓத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே போனவர்கள் நீர் திரும்பி ஏறுமுன் கரைசேர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே கவனிக்க வேண்டியது மதிலின் கல்லடுக்கு. பெருங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். அலை மோதும்போது நீர் இடுக்குகளில் புகுந்து வேகம் அடங்கி வடிந்துவிடும். இறுகப் பூசிய சுவரானால் அந்த அடி முழுவதையும் அதுவே வாங்க வேண்டியிருக்கும்.

ஜஞ்சிராவில் வழிகாட்டியின் பேச்சு திருத்தப்பட வேண்டும். கேட்பவர்களுக்கு அது மராத்தியக் கோட்டை என்றே பதிகிறது. அது ஆப்பிரிக்க வழிவந்த சித்தி ஆட்சியாளர்களின் கோட்டை. சிவாஜி பலமுறை முயன்றும் விழவில்லை. 1682இல் அவர் மகன் சம்பாஜி கரையிலிருந்து கடலைத் தூர்த்துப் பாதை போட முனைந்தும் முடியவில்லை. அந்தத் தோல்வியைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். ஜஞ்சிராவை வெல்ல முடியாததால்தான் எதிரே பத்மதுர்க் எழுந்தது, தெற்கே சிந்துதுர்க் எழுந்தது. வெல்ல முடியாத கோட்டையைக் கோட்டைகளாலேயே கட்டிப்போடும் உத்தி அது. பத்மதுர்க்கைப் படகிலிருந்து கைகாட்டிவிட்டுப் போகிறார்கள். அருகே போக முடிந்தால் மதிலைப் பாருங்கள். மூன்றரை நூற்றாண்டு உப்புக்காற்றில் கல் தேனடைபோல் அரிக்கப்பட்டிருக்க, இடையிலுள்ள சுண்ணச்சாந்து மட்டும் வரப்புகளாகத் துருத்தி நிற்கும். சாந்து கல்லைவிட வாழ்ந்திருக்கிறது!

சிந்துதுர்க்தான் இந்தப் பயணத்தின் மணிமகுடம். அதற்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம். மால்வண் படகுக்காரர்கள் பொதுவாக அவ்வளவுதான் தருவார்கள், பயணத்தாரும் கூடுதலாகப் பேசி வாங்குவதில்லை. 1664 நவம்பர் 25 அன்று குர்டே தீவில் வேலை தொடங்கி மூன்றாண்டுகளில் முடிந்த கோட்டை இது. 48 ஏக்கர், சுமார் 3 கிலோமீட்டர் மதில், 30 அடி உயரம், 12 அடித் தடிப்பு, 42 கொத்தளங்கள். அடித்தளக் கற்களைப் பொருத்த 4,000 பவுண்டுக்கு மேல் ஈயம் உருக்கி ஊற்றினார்கள். மதில் பாம்புபோல் நெளிந்து போவதற்குக் காரணம் உண்டு. நேர்ச்சுவரின் அடியில் ஒண்டியவனை மேலே நிற்பவன் சுட முடியாது. நெளிந்த சுவரில் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டின் அடிவாரத்தைப் பார்க்கும். வாசலைப் படகு மிக நெருங்கும் வரை கண்டுபிடிக்க முடியாது, மகாதர்வாஜாவின் அதே சூட்சுமம் கடல் நடுவே. சுற்றிலும் நீரடிப் பாறைகள். வழி தெரிந்த படகு குறுகிய ஒரு தடத்தில்தான் வரும். உப்புக்கடல் நடுவில் தூத்பாவ், தஹிபாவ், சாக்கர்பாவ் என்று மூன்று நன்னீர்க் கிணறுகள். பாலும் தயிரும் சர்க்கரையும் என்று பெயர் வைத்த மனம் அந்த நீரின் அருமையை அறிந்த மனம்.

இத்தனையையும் ஒரு மணி நேரத்தில் யாரும் பார்க்க முடியாது. காலை முதல் படகில் போய், இரண்டு படகு தள்ளித் திரும்புவதாக ஏறுவதற்கு முன்பே பேசி வைத்தால் போதும். இதைக் குழுத்தலைவரே செய்திருக்க வேண்டும்.

விஜயதுர்க்கில் மூன்று வரிசை மதிலைச் சரியாகவே காட்டுகிறார்கள். மேற்கே கடலுக்கடியில் இருக்கும் சுவரைப் பற்றியும் சொல்கிறார்கள். அடிப்பகுதி ஆழமான அந்நியக் கப்பல் நெருங்கினால் அதில் மோதும், ஆழமில்லா நீரில் ஓடும் மராத்தியக் கலங்கள் தப்பிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். சொல்லாமல் விடுவது 1756 பிப்ரவரி. ஆங்கிலேயத் தளபதி வாட்சனின் கப்பல்கள் கடலிலிருந்து அடிக்க, கிளைவின் படை தரைப்பக்கம் இறங்கியது. துறையில் நெருக்கமாகக் கட்டியிருந்த ஒரு கலத்தில் பற்றிய தீ கோட்டையை ஆண்ட மராத்தியக் கடற்படைத் தலைவர் துளாஜி ஆங்கரேயின் கடற்படை முழுவதையும் எரித்தது. அன்று ஆங்கிலேயருக்குத் துணையாக நின்றவர் மராத்தியரின் தலைமை அமைச்சரான பேஷ்வா என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. மும்மதிலும் நீரடிச் சுவரும் வெளிப்பகைக்குப் போட்ட கணக்கு, உட்பகைக்கு அதில் இடமே இல்லை.

நிரலில் இல்லாதவற்றில் ராஜ்கட் பெரிய இழப்பு. ராய்கட்டுக்கு முன் தலைநகராக இருந்த கோட்டை. பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என மூன்று மாச்சிகளும் (அரண் செய்த மலைமேடைகள்) நடுவே பாலேகில்லா என்ற உச்சிக்கோட்டையும் கொண்டது. சஞ்சீவனி மாச்சியின் இரட்டை மதில் அமைப்பு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. வெளிச்சுவர் உடைந்தாலும் எதிரி ஒடுங்கிய இடைவெளிக்குள் சிக்குவான். கேபிள் கார் கிடையாது, ஏறவே இரண்டு மூன்று மணி நேரமாகும். அதனால் எல்லோருக்குமான குழுவில் விட்டது நியாயம். இளைஞர் குழுவென்றால் கேட்டுச் சேர்க்கலாம்.

செஞ்சியை விட்டதுதான் மன்னிக்க முடியாதது. தமிழர்களுக்குத் தமிழில் விற்கும் பயணம் இது. 1677இல் சிவாஜி பிடித்து மதில்களையும் அகழிகளையும் புதுக்கிய கோட்டை. 1689இல் முகலாயர் ராய்கட்டை முற்றுகையிட்டபோது சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து அரசை நடத்தியது இங்கிருந்துதான். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. எட்டு ஆண்டுகள்! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் முக்கோணமாக மதில் இணைக்கிறது. இவ்வளவு பெரிய வட்டத்தை முழுவதும் சூழ ஆள் போதாது, எங்காவது ஒரு பக்கம் நெல்லும் செய்தியும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கோட்டை என்பது காலம் வாங்கித் தருவது என்றால், மகாராஷ்டிரம் மீள வேண்டிய காலத்தை வாங்கித் தந்தது விழுப்புரம் மாவட்டத்துப் பாறைக்குன்று. கோவாவிலிருந்து நேரே திரும்பாமல் சென்னை வழியாக டிக்கெட் போட்டால் ஒரே ஒரு நாள் கூடும். சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். காலை எட்டுக்குள் ராஜகிரி ஏறத் தொடங்கிவிட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் ஏற்றம் இரட்டிப்பாகும், பிற்பகலுக்குப் பின் மேலே விடவும் மாட்டார்கள். உச்சிக்குச் சற்று முன் ஒரு பாறைப் பிளவின் மேல் மரப்பாலம் இருக்கிறது. அதை இழுத்துவிட்டால் ஒரு சிலரே பெரும்படையைத் தடுக்கலாம். குரங்குகள் பை பறிக்கும், தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம்.

இனிப் பருவம். இந்தப் பயணத்தை ஜூன் பள்ளி விடுமுறைக்கும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். முற்றுகைக்காரனை விரட்டிய அதே மழைதான். மால்வணிலும் ஜஞ்சிராவை அடுத்த முருடிலும் படகுச் சேவை நின்றுவிடும், பாசி படிந்த பசால்ட் படி கண்ணாடிபோல் வழுக்கும், ராய்கட் உச்சியில் பத்தடி தள்ளி நிற்பவர் மேகத்தில் மறைவார். ஜூன் முதல் வாரத்தில் முடிசூட்டு விழாக் கூட்டமும் மலையை நிறைத்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையிலான விடுமுறைதான் சரியான காலம். தொட்டிகளில் தண்ணீர் நிற்கும், வானம் தெளிந்திருக்கும், ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டையின் கோடு தெரியும்.

செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் காலணி போடுங்கள். மலைநாளில் தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே மோர் விற்கும் கிராமத்துப் பெண்களுக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டுகள். கழிப்பறை அடிவாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குக் கிளம்புமுன் ஆறு வாரம், வாரம் மூன்று நாள், வீட்டு புளோக்கின் மாடிப்படி போதும். ஏறும்போது நடை, இறங்கும்போது லிப்ட்.

இப்போதுள்ள நிரலுக்கு ஐந்துக்கு மூன்று. முன்பணம் கட்டுமுன் முகவரிடம் கேட்க வேண்டியவை: ராய்கட்டில் மகாதர்வாஜா வழியாக ஏற அரைநாள் கிடைக்குமா, கொலாபா நேரம் ஓதத்தைப் பார்த்துப் போட்டதா, சிந்துதுர்க்கில் இரண்டரை மணி நேரத்துக்குப் படகு பேசித் தருவீர்களா, திரும்பும் டிக்கெட்டைச் சென்னை வழியாக மாற்ற எவ்வளவு? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் கட்டுங்கள்.